மேசைக்குப் போகாதவர்

மேர்டைக்
1886 நவம்பர் 22

பிரியமுள்ள மரீனஸுக்கு,

உன் அத்தை கிரீனா எழுதுறது. கர்த்தர் கிருபையால இங்க எல்லாரும் நடமாடிக்கிட்டிருக்கோம். எனக்குப் பல்லு வலி, உங்கப்பாவுக்கு முழங்கால், ஆட்டுக்கு இருமல், மத்தபடி சுகம். நீ எப்படி இருக்க? எந்நேரமும் படம் வரையுறேன்னு ஈரக் காகிதத்துமேல குனிஞ்சுக்கிட்டே இருப்பியே, நெஞ்சுல சளி கட்டிக்கப் போகுது. நான் பின்னிக் குடுத்த கம்பளிச் சட்டையை உள்ள போட்டுக்க. ஹேக்ல எல்லாரும் பாக்கணும்னு மேல போட்டுக்கிட்டுத் திரியாதே.

நீ ஜூன் மாசம் வந்துட்டுப் போனதுலேருந்து பக்கத்து வீட்டுக்காரி தன்னெ உன்னைத் திட்டுறதை இன்னும் நிறுத்தல. "என் கொடியில காயுற பாவாடையை எல்லாம் உங்க மருமகன் வரைஞ்சானே, அதைப் பெரிய மனுஷங்க நடுக்கூடத்துல மாட்டுவாங்களா"ன்னு கேட்டா. "நல்லா இருந்தா மாட்டுவாங்க"ன்னேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல. அப்புறம் வந்து, "மாட்டிட்டாங்களா"ன்னு கேக்குறா.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன். இது உன் மனசோட இருக்கட்டும்.

போன வாரம் போதகரும் சபை மூப்பரும் வீட்டுக்கு வந்தாங்க. கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு திருவிருந்து வருதே, அப்பமும் திராட்சரசமும் வாங்க மேசைக்கு யாரு வர்றாங்கன்னு வீடு வீடா வந்து கேக்குற வழக்கம்தான். மூப்பரும் வருஷா வருஷம் கேக்குற மாதிரி, "என்ன கொர்னேலிஸ், இந்தத் தடவையாவது மேசைக்கு வர்றியா"ன்னாரு. உங்கப்பா என்ன சொல்வாருன்னுதான் உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். "நான் யாருங்க, எனக்கென்னங்க தகுதி"ன்னு சொல்லிட்டுத் தரையைப் பாப்பாரு. நான் பாட்டுக்குக் காப்பி ஊத்திக்கிட்டிருக்கேன். அவரு புகை பிடிக்கிற சுங்கானை வாயிலேருந்து எடுத்துட்டு, "வரணும்னு தோணுது"ன்னாரு. காப்பி தட்டெல்லாம் வழிஞ்சு மேசை விரிப்புல ஓடுச்சு. யாரும் துடைக்கல. நான்கூடத் துடைக்கல, நினைச்சுப் பாத்துக்க.

நம்ம ஊரு உனக்குத் தெரியாததா. சர்ச்சு நிறைய ஜனம் உக்காந்திருக்கும், மேசைக்குப் போறது ஒரு கை அளவு ஆளுங்க. மத்தவங்க எல்லாம், நானும் சேத்துத்தான், தகுதியில்லாம அப்பத்தைத் தின்னா ஆண்டவரோட ஆக்கினைத் தீர்ப்பு வரும்னு பயந்து பெஞ்சுலயே உக்காந்துருவோம். உங்கப்பா அறுபது தாண்டின மனுஷன், ஒரு தடவைகூட எந்திரிச்சுப் போனதில்ல. உங்கம்மா செத்த வருஷம்கூடப் போகல. இப்போ வரணும்னு தோணுதாம். வந்தவங்க ரெண்டு பேரும் போனப்புறம், "அண்ணே, என்ன ஆச்சு உங்களுக்கு"ன்னு கேட்டேன். "ஒண்ணும் ஆகல. கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, போகாம இருக்குறதும் மரியாதை இல்லன்னு பட்டுது"ன்னாரு. அவ்வளவுதான்.

கறுப்புக் கோட்டை வெளியில எடுத்துப் பிரஷ் போட்டு வச்சிருக்கேன். நீ ஜெபத்துல நினைச்சுக்க. ஜெபம் பண்றியா, இல்ல அதையும் விட்டாச்சா? பதில் எழுது.

உன் நல்லதையே நாடுற அத்தை,
கிரீனா


ஹேக்
1886 டிசம்பர் 5

அன்புள்ள அத்தைக்கு,

நான் நல்லா இருக்கேன். சட்டையை உள்ளதான் போட்டிருக்கேன். பல்லுக்குக் கிராம்பு வைங்க, பல்லு பிடுங்குற அந்தக் கொல்லன்கிட்ட மட்டும் போய் வாயைத் திறக்காதீங்க.

அப்பா விஷயம் படிச்சதும் கொஞ்ச நேரம் வேலை ஓடல. சந்தோஷம்தான் அத்தை. இப்படி ஒரு நாள் வரும்னு நான் நினைச்சதே இல்ல. உண்மையைச் சொன்னா, அவரு கடைசி வரைக்கும் அந்தப் பெஞ்சுலயேதான் இருப்பாருன்னு நினைச்சுட்டேன்.

என் பக்கத்துச் சேதி, தண்ணிச் சாயத்துல படம் வரையுறவங்க சங்கத்துக் கண்காட்சியில என் பெரிய படம் ஒண்ணை நல்ல இடத்துல மாட்டினாங்க. ஆம்ஸ்டர்டாம்ல சர்க்கரை வியாபாரம் பண்ற ஒருத்தர் வாங்கிட்டாரு. எல்லாரும் அதைப் பத்திப் பேசுறாங்க. பத்திரிகையில போடுறதுக்கு அச்சுக் கட்டைகூட வெட்டிட்டாங்க. படம் பெருசா ஒண்ணும் இல்ல, உள்ள இருட்டு, ஒரு சன்னல் வெளிச்சம், கொஞ்சம் ஜனங்க. ஜூன்ல ஊருக்கு வந்து போன ஞாபகத்துல வரைஞ்சது. ஊர்ல இருக்கும்போது பென்சிலைத் தொடல, ஞாயித்துக்கிழமை ஓய்வு நாளைக் கெடுத்தேன்னு நீங்க சொல்லக்கூடாது.

வேலை நெருக்குது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

உங்கள்,
மரீனஸ்


மேர்டைக்
1886 டிசம்பர் 21

மரீனஸுக்கு,

இங்க உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீயும் சுகமா இருப்பேன்னு நம்புறேன்.

சனிக்கிழமை நான் வாசப்படியைத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன், தன்னெ பேக்கரியிலேருந்து ரொட்டியைக்கூட மறந்துட்டு ஓடி வர்றா.

"கிரீனா, உங்க அண்ணன் பேப்பர்ல வந்திருக்காரு."

நம்ம ஊர்ல பேப்பர்ல வர்றதுன்னா ஒண்ணு படகு முங்கணும், இல்ல ஆளு திருடணும். "எதுக்குடி, என்ன பண்ணாரு"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல. உக்காந்திருக்காரு"ன்னா.

டாக்டர் வீட்டம்மா படிச்சுட்டுத் தள்ளிவிடுற படப் பத்திரிகை பேக்கரிக்கு வந்திருக்கு. ரொட்டி வாங்க வந்தவங்க எல்லாம் பாத்துட்டாங்க. நானும் போய்ப் பாத்தேன். நம்ம சர்ச்சு. வெள்ளைத் துணி விரிச்ச மேசை, சன்னல் வெளிச்சம் அது மேல விழுது, ஆளுங்க மெதுவா எந்திரிச்சுப் போறாங்க. கிட்டக்க, இருட்டுல, ஒரே ஒரு ஆளு பெஞ்சுல தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. முழங்கையில நான் தைச்ச ஒட்டுகூட இருக்கு மரீனஸ். கீழ, "மேசைக்குப் போகாதவர்"னு எழுதியிருக்கு.

நான் மறைக்கத்தான் நினைச்சேன். ஆனா தன்னெக்குக் கையில ஒண்ணு கிடைச்சா அது நிக்குமா. அதை வாங்கிக்கிட்டு நேரா துறைமுகத்துல உங்கப்பா சிப்பி பிடிக்கிற கூடையைக் கழுவுற இடத்துக்கே போய் அவருகிட்ட நீட்டிட்டா. அவரு கையைத் துடைச்சுக்கிட்டு வாங்கிப் பாத்தாரு. நல்லா நேரம் எடுத்துப் பாத்தாரு. அப்புறம், "மூக்கு சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டுக் கூடையைக் கழுவப் போயிட்டாரு.

மறுநாள் சர்ச்சுக்குப் போனோம். கறுப்புக் கோட்டு, வெள்ளிப் பொத்தான், எல்லாம் சரியா இருந்துது. நான் பொம்பளைங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு, காலுக்கடியில கணப்புக்குத் தீச்சட்டி இருந்தும் கால் சில்லிட்டுப் போய்க் கிடக்கேன். போதகர் கூப்பிட்டாரு. ஆளுங்க எந்திரிச்சாங்க. எந்திரிக்காத ஜனம் எல்லாம் மேசையைப் பாக்கல மரீனஸ். உங்கப்பாவைப் பாத்துது. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு, அப்படியே இருந்தாரு. படத்துல இருக்குற மாதிரியே.

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு வெந்துக்கிட்டிருக்கும்போது கேட்டேன், ஏன்னு. "இப்போ நான் எந்திரிச்சா, பையன் போட்ட படத்துக்குப் பதில் சொல்ல எந்திரிச்ச மாதிரி ஆயிடும். ஊருக்குப் பதில் சொல்றதுக்கா அந்த மேசை"ன்னாரு.

கொஞ்சம் ஜனங்கன்னு எழுதினியே தம்பி. உங்கப்பா கொஞ்சம் ஜனமா?

அத்தை


ஹேக்
1887 பிப்ரவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

இவ்வளவு நாள் எழுதாததுக்கு மன்னிச்சுக்கங்க. சளி, காய்ச்சல்னு எழுதலாம்னு பாத்தேன். உங்களுக்குத் தெரிஞ்சுரும். ஒரு சளியும் இல்ல.

அந்தப் பத்திரிகை கடல் தாண்டி மேர்டைக் வரைக்கும் வரும்னு எனக்குத் தோணவே இல்ல. இங்க பாக்குறவங்களுக்கு அது யாரோ ஒரு மீனவர். தலைப்பும் நான் வச்சதில்ல, பத்திரிகைக்காரங்க வச்சது. நான் வெறும் "சர்ச்சுக்குள்ள"ன்னுதான் எழுதிக் குடுத்தேன்.

ஆனா இதெல்லாம் சாக்கு. அது அப்பாதான். சின்ன வயசுலேருந்து அவரு பக்கத்துல அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கேன். எல்லாரும் மேசையைப் பாக்கும்போது நான் அவரு கழுத்தைத்தான் பாப்பேன். போக ஆசைப்பட்டு, போகப் பயந்து, ஒரு மனுஷன் அப்படி அசையாம உக்காந்திருக்குறதை நான் வேற எங்கயும் பாத்ததில்ல அத்தை. கேலி பண்ண வரையல. அந்தச் சர்ச்சுலயே அவருதான் ஆண்டவரை அதிகமா மதிச்சவருன்னு தோணுச்சு. அதைத்தான் வரைஞ்சேன். வரைஞ்சு முடிச்சப்போ அவரு எந்திரிக்கப் போறாருன்னு எனக்குத் தெரியாது.

நான் வந்து அவரைப் பாக்கட்டுமா? வரலாமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க.

மரீனஸ்


மேர்டைக்
1887 ஏப்ரல் 14

பிரியமுள்ள மரீனஸுக்கு,

கர்த்தர் இரக்கத்துல ஈஸ்டர் நல்லபடியாக் கழிஞ்சுது. பல்லைப் பிடுங்கியாச்சு, கொல்லன்கிட்டதான், நீ ஒண்ணும் சொல்லாதே. உங்கப்பாவுக்குக் கொஞ்சம் இருமல். ஈரக் காத்து, வேற ஒண்ணும் இல்ல.

உன் கடுதாசியை அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். கழுத்தைப் பாத்தேன்னு எழுதியிருந்தியே, அந்த இடத்துல கையைத் தூக்கிக் கழுத்தைத் தடவிக்கிட்டாரு. கோவம் எதுவும் காட்டல. ரெண்டு நாள் கழிச்சு மோர்க் கஞ்சி சாப்பிட்டுக்கிட்டே, "அந்த மேசைத் துணிக்கு அவன் என்ன வெள்ளை போட்டான்? சுண்ணாம்பா"ன்னு கேட்டாரு. எனக்கென்ன தெரியும். "எழுதிக் கேக்கட்டுமா"ன்னேன். "சும்மா கேட்டேன்"ன்னாரு.

ஈஸ்டர் திருவிருந்துக்கும் போகல. நானும் கேக்கல.

ஒரு கூத்து நடந்துது. தொப்பியும் மடக்கு நாற்காலியுமா ரெண்டு பேரு படகுல வந்து இறங்கினாங்க. உன்னை மாதிரி ஆளுங்கதான், விரல் நகத்துல பச்சையும் நீலமும். துறைமுகத்துல, "மேசைக்குப் போகாதவர்னு ஒரு பெரியவர் இருக்காராமே, அவரை வரையணும்"னு விசாரிச்சிருக்காங்க. யாரோ நம்ம வீட்டைக் கை காட்டிட்டாங்க. உங்கப்பாவே கதவைத் திறந்தாரு. அவங்களுக்கு அடையாளம் தெரியல, அவரு நிமிந்து நின்னுக்கிட்டிருந்தாருல்ல.

"அந்தப் பெரியவர் வீடு இதுதானே"ன்னு கேட்டாங்க.

"இதுதான். ஆனா அவரு ஊரை விட்டுப் போயிட்டாரு"ன்னாரு.

"எங்க போனாரு?"

"சொல்லிட்டுப் போகல. தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, மோரு குடிங்க."

உக்காரவச்சு மோர் குடுத்து அனுப்பிட்டாரு. தன்னெ வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிச்சா பாரு, விழுந்துருவாளோன்னு இருந்துச்சு. நானும் சிரிச்சேன். திரும்பிப் பாத்தா அவரு அடுப்படியில சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. இருமல்னாரு.

வரலாமான்னு கேட்டியே. இது நீ வந்து போற வீடு. இதுக்கெல்லாம் என்கிட்ட உத்தரவு கேப்பாங்களா?

அத்தை கிரீனா


ஹேக்
1887 மே 2

அன்புள்ள அத்தைக்கு,

அப்பாவோட இருமலுக்கு டாக்டரைக் கூப்பிடுங்க. உங்க தேன் வைத்தியம் மட்டும் போதாது.

மேசைத் துணிக்கு நான் எதுவும் போடலன்னு அவருகிட்ட சொல்லுங்க. அது வெறும் காகிதம். தண்ணிச் சாயத்துல வெள்ளைன்னு தனியா ஒண்ணு இல்ல, வெள்ளை வேணும்னா அந்த இடத்தைத் தொடாம விட்டுடணும். சுத்தி இருட்டைப் பூசினா அது தானா வெளிச்சமாயிடும்.

இன்னொண்ணு. படத்தைத் திருப்பி எனக்கே வித்துருங்கன்னு வாங்கினவருக்கு எழுதினேன். நல்ல மனுஷன். விக்க மாட்டேன், ஆனா ஒரு வாரம் எடுத்துட்டுப் போய்த் திருத்திக்கிட்டு வான்னு சொல்றாரு. எண்ணெய்ச் சாயமா இருந்தா அப்பா உருவத்தை மேல பூசி மறைச்சுடலாம். இதை ஸ்பாஞ்சால நனைச்சு நனைச்சுத்தான் கழுவி எடுக்கணும், எடுத்த இடம் தழும்பு மாதிரி தெரியும். அங்க ஒரு தூணை வரைஞ்சுடலாம்னு இருக்கேன். இல்லன்னா அப்பாவைப் பெஞ்சுலேருந்து எடுத்துட்டு, மேசைக்குப் போறவங்க வரிசையில வரையட்டுமா? அதையும் பத்திரிகையில போடச் சொல்றேன். ஊர்ல எல்லாரும் பாக்கட்டும். அவருகிட்ட கேட்டுச் சொல்லுங்க.

மரீனஸ்


மேர்டைக்
1887 மே 17

மரீனஸுக்கு,

நாங்க இருக்கோம். நீ சுகமா இரு.

கழுவுறதைப் பத்தி எனக்கு எழுதுறியா. பொழுதன்னைக்கும் அதைத்தான் செய்றேன், படியைக் கழுவுறேன், சன்னலைக் கழுவுறேன், தெருக் கல்லைக்கூட விடுறதில்ல. ஆனா போகாத மனுஷனைப் போனதா வரையுறது கழுவுறது இல்ல தம்பி, அது பொய். ஆண்டவர் மேசைக்கு ஒரு ஆளைக் காகிதத்துல இழுத்துக்கிட்டுப் போவியா? உங்கப்பா முன்னாடியே உன்னைத் திட்டிட்டேன், என்ன வார்த்தைன்னு எழுத மாட்டேன்.

அவரு, "திட்டாதே கிரீனா. அவன் பாத்ததைத்தானே வரைஞ்சான். பாக்காததை வரைய வேணாம்னு மட்டும் எழுது"ன்னாரு. தூணும் வேணாமாம். "நான் இருந்த இடத்துல எதுக்குத் தூணு"ன்னு கேட்டாரு.

டாக்டர் வந்தாரு. மருந்து குடுத்திருக்காரு. படகுக்குப் போறதில்ல இப்போ, படகை மூப்பர் மகன் ஓட்டுறான். சுவத்துல பதிச்ச கட்டில் பெட்டியோட கதவைத் திறந்து வச்சுக்கிட்டுச் சன்னலைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காரு. வேலை செஞ்ச மனுஷன் ஓய்வு எடுக்கட்டுமே, நல்லதுதானே.

ஜூன் மூணாவது ஞாயிறு அடுத்த திருவிருந்து. அதுக்கு முன்னாடி வந்துரு. சனிக்கிழமையே வந்துரு. ஏன்னு கேக்காதே, ஊரு நல்லா இருக்கும், எல்டர் பூவெல்லாம் பூத்திருக்கும், உனக்கு வரையுறதுக்கு ஏதாவது கிடைக்கும். நல்லா துணி துவைச்சு வைக்கிறேன்னு தன்னெயும் சொல்றா. வா மரீனஸ்.

அத்தை


ஹேக்
1887 ஜூன் 12

அன்புள்ள அத்தைக்கு,

நீங்களும் அப்பாவும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன்.

அடுத்த வாரம் வர முடியாது போல இருக்கு. சங்கத்துல இந்தத் தடவை படம் தேர்ந்தெடுக்குற குழுவுல என்னையும் போட்டிருக்காங்க. அந்த வாரம்தான் கூட்டம். ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம், நான் இல்லன்னா என் ஓட்டை வேற எவனாவது போட்டுருவான். ஆகஸ்ட்ல கட்டாயம் வர்றேன், நாலஞ்சு நாள் தங்குற மாதிரியே வர்றேன்.

அத்தை, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. குழு ஒரு பக்கம். எனக்கு அந்தச் சர்ச்சுக்குள்ள வரப் பயமா இருக்கு. அவரு பக்கத்துல உக்காந்தா ஊரே எங்க ரெண்டு பேரையும் பாக்கும். அவருக்கும் அது சங்கடம்தானே. திருவிருந்து இல்லாத சாதாரண ஞாயிறா வந்தா ரெண்டு பேருக்கும் நல்லது.

அப்பாவுக்கு என் வணக்கம். ஹேக்ல நல்ல இருமல் மருந்து கிடைக்குது, ஒரு புட்டி அனுப்பியிருக்கேன்.

மரீனஸ்


மேர்டைக்
1887 செப்டம்பர் 19

பிரியமுள்ள மரீனஸுக்கு,

கர்த்தர் உன்னைத் தேத்துவாராக. நீ சாப்பிடுறியா? உங்கப்பா அடக்கத்தன்னைக்கு நீ ஒரு வாய்கூடச் சாப்பிடல, ரொட்டியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் படகேறிப் போனதைப் பாத்தேன்.

துறைமுகத்துல என்கிட்ட, "அத்தை, அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா"ன்னு கேட்டே. சுத்தி ஜனம், எல்லாருக்கும் காது. படகுக்கு நேரமாச்சுன்னு உன்னை ஏத்திவிட்டுட்டேன். அதுக்கப்புறம் பேனா எடுக்க மனசு வரல. போன ஞாயிறு இங்க திருவிருந்து. அவரு இடத்துல வேற ஆளு உக்காந்திருந்தாங்க. அதைப் பாத்துட்டு வந்துதான் எழுதுறேன். நீ கேட்டதுக்குப் பதில் இல்லாமப் போகக்கூடாது.

மே மாசம் உன்னை வரச் சொல்லி எழுதினப்போ அது என் சொல்லு இல்ல, அவரு சொல்லு. "கிரீனா, ஜூன்ல மேசைக்குப் போகப் போறேன். பையன் வரட்டும்"ன்னாரு. "நான் உக்காந்திருந்ததை அவன் பாத்தான். எந்திரிக்கிறதையும் அவனே பாக்கட்டும். அவன் பக்கத்துல இருந்தா ஊரு என்ன நினைச்சா எனக்கென்ன"ன்னாரு.

எழுதுறேன்னேன். "வரச் சொல்லி மட்டும் எழுது. எதுக்குன்னு எழுதாதே. எழுதினா அவன் படத்துக்காக வருவான்"னாரு. அதான் எல்டர் பூவைப் பத்தி எழுதினேன்.

அந்த ஞாயிறு அவரால நடக்க முடியல. தன்னெ புருஷன் வண்டி கட்டிக் கொண்டுவந்தான். பெஞ்சு ஓரத்துல உக்காந்து, பக்கத்து இடத்துல தொப்பியை வச்சுக்கிட்டாரு. மூப்பர் மகன் உக்காரப் போனான். "ஆளு வருது"ன்னு சொல்லித் தள்ளி உக்கார வச்சுட்டாரு. உன் கடுதாசி முந்தின நாளே வந்து, வாசிச்சுக் காட்டியாச்சு. வரமாட்டேன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் தொப்பியை வச்சாரு.

முதல் தடவை கூப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை கூப்பிட்டாங்க. அவரு மேசையைப் பாக்கவே இல்ல, வாசலைப் பாத்துக்கிட்டிருந்தாரு. இன்னும் யாராவது உண்டான்னு போதகர் நின்னு பாத்தாரு, உங்கப்பாவுக்காகத்தான் நின்னாருன்னு நினைக்கிறேன். அப்புறம் பாட்டை ஆரம்பிச்சுட்டாங்க.

ஜூலையில படுத்தே கிடந்தப்போ போதகர்கிட்ட நான் போய் நின்னேன். அப்பமும் திராட்சரசமும் கட்டிலுக்குக் கொண்டு வர முடியாதான்னு கேட்டேன். "அது சபையோட மேசை கிரீனா, வீட்டுக்கு வராது, உங்களுக்கே தெரியுமே"ன்னு சொன்னாரு. போதகர் கண்ணுலயும் தண்ணி. தெரியும்தான். தெரிஞ்சுதான் கேட்டேன்.

உன்மேல கோவப்பட்டு ஒரு வார்த்தை அவரு சொல்லல. இது சத்தியம். நீ அனுப்பின மருந்தைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாரு. ருசியே சரியில்லன்னாரு, ஆனா குடிச்சாரு.

உடம்பைப் பாத்துக்க.

அத்தை


ஹேக்
1888 ஜனவரி 29

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு பரவாயில்ல. உங்க கடுதாசிக்குப் பதில் எழுத இத்தனை மாசம் ஆயிடுச்சு. உக்காருவேன், எழுதுவேன், கிழிப்பேன்.

நான் ஓட்டுப் போட்ட படம் அந்தக் கண்காட்சியில தேறல. இதை உங்களுக்கு எதுக்குச் சொல்றேன்னு தெரியல.

இலையுதிர் காலத்துலேருந்து ஒரே வேலை. அவரு பெஞ்சுலேருந்து வெளிய வந்து மேசைக்கு நடக்குற மாதிரி வரையப் பாக்குறேன். பொய்னு சொல்லாதீங்க. யாருக்கும் காட்டப் போறதில்ல. எனக்கு மட்டும். ஆனா வரல. ஜெபத்துக்கு எல்லா ஆம்பளைங்களோடயும் எந்திரிச்சு நிக்கிறதைப் பாத்திருக்கேன், அது கண்ணுல இருக்கு. தனியா எந்திரிச்சு, ஜனத்துக்கு நடுவுல நடந்தா எப்படி நடப்பாரு? எந்தக் கையை ஊனுவாரு? தொப்பியை எடுத்துக்கிட்டுப் போவாரா, பெஞ்சுலயே வச்சுட்டுப் போவாரா? முகம் மேல பாக்குமா, கீழ பாக்குமா? காகிதம் மேல காகிதமா நனைச்சு, கழுவி, கிழிச்சுட்டேன். பாத்திருந்தா ஒரே தடவையில வந்திருக்கும்.

நீங்க அவரோட அத்தனை வருஷம் இருந்தவங்க. சொல்லுங்க அத்தை.

மரீனஸ்


மேர்டைக்
1888 மார்ச் 12

பிரியமுள்ள மரீனஸுக்கு,

கர்த்தர் நம்மள இந்தக் குளிரையும் தாண்ட வச்சாரு. ஆடு செத்துப் போச்சு. நான் நல்லா இருக்கேன், இன்னொரு பல்லு ஆடுது. தன்னெ உன்னை ரொம்பக் கேட்டா. அவ பாவாடையைப் பத்தி இப்போ ஒண்ணும் பேசுறதில்ல.

நீ கேட்டதை நானும் ரொம்ப யோசிச்சேன். அடுப்படி நாற்காலியிலேருந்து எந்திரிக்கிறப்போ வலது கையை மேசையில ஊனுவாரு, "ம்"னு ஒரு சத்தம் குடுப்பாரு, முழங்கால் பிடிச்சுக்கும், கொஞ்சம் நின்னுட்டுத்தான் நடப்பாரு. இது எனக்குத் தெரியும். சர்ச்சுல எப்படின்னு எனக்குத் தெரியாது தம்பி. நான் பாத்ததில்ல. யாரும் பாத்ததில்ல. தெரிஞ்ச மாதிரி உனக்கு ஏதாவது எழுதிக் குடுத்தா நீ அதை வரைஞ்சுருவே, அப்புறம் எனக்கும் அதுதான் ஞாபகத்துல நிக்கும். அதனால எழுத மாட்டேன். அந்தக் காகிதத்தை எல்லாம் எடுத்து வச்சுடு.

மூப்பர் வந்துட்டுப் போனாரு. இந்த ஈஸ்டருக்கு மேசைக்கு வர்றேன்னு நான் பேர் குடுத்துட்டேன். உங்கப்பாவுக்குப் பதிலா இல்ல, அங்க ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் போக முடியாது. தகுதி வந்துருச்சா, வந்துருச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்னு ஒண்ணும் புரியல. அப்பத்தை வாயில வைக்கிறப்போ என்ன ஆகுமோன்னு நினைச்சுக்கிட்டே தேய்ச்ச படியையே மறுபடி தேய்க்கிறேன். அவரு எவ்வளவு பயந்திருப்பாருன்னு இப்பத்தான் எனக்கு விளங்குது.

உங்கப்பா மாதிரி மனசுல வச்சுக்கிட்டு வாயை மூடி இருக்க எனக்கு வராது, நீ அறிஞ்சதுதானே. அதனால நேராச் சொல்லிடறேன். நான் எந்திரிக்கிறப்போ நீ சர்ச்சுக்குள்ள இருக்கணும். ஏன்னா பயமா இருக்கு. படத்துக்காக வந்தாலும் சரி, எனக்காக வந்தாலும் சரி, எதுக்காக வந்தேன்னு நான் கேக்கமாட்டேன். சனிக்கிழமை மத்தியானப் படகுல வா. ஆம்பளைங்க பக்கத்துல ஓரமா உக்காரு, நான் அந்த வழியாத்தான் போகணும்.

நீ வரலைன்னாலும் எந்திரிச்சுருவேன் மரீனஸ். வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க எனக்குத் தெம்பு இல்ல.

உன் அத்தை,
கிரீனா